மூன்றாவது துள்ளல்

படிவத்தில் ஒரு கட்டம்: காற்றின் திசை, வேகம்.
மேற்கிலிருந்து பதினெட்டு நாட், வீச்சில் இருபத்தேழு
என்று எழுதியாயிற்று.
கோபுரத்துப் பெண் சொன்ன எண்கள்,
நாசி லெமாக் விலை சொல்வதுபோல் நிதானமாக.

எண்ணில் அடங்காதது:
பாலிக் புலாவ் பக்கம் டுரியான் மரங்களை உலுக்கிவிட்டு
கை ஓயாமல்
மலையேறி இறங்கி வந்த காற்று அது.
பாயான் லெப்பாஸ் புல்வெளியில்
காற்றுப்பை நிமிர்ந்தது, தொய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது,
சொல்ல வந்ததை விழுங்கும் சாட்சியைப்போல.

விமானம்: செஸ்னா. நான்கு இருக்கை.
என்னைவிட இரண்டு வயது மூத்தது.
உரிமையாளர்: நால்வர்.
நால்வர் பெயருக்கும் அந்தக் கட்டத்தில் இடமில்லை,
ஓரத்தில் ஏற்றி எழுதினேன்.

பயணி: ஒருவர். உறவு?
யுவனேஸ்வரன், தங்கையின் கணவன்.
லங்காவியில் ஏறும்போதே கேட்டான்,
“இதுக்கு வேற பைலட் யாரும் வரமாட்டாங்களா?”
சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.
நானும் சிரித்துக்கொண்டுதான் கதவைச் சாத்தினேன்.
அவன் மடியில் இரண்டு கிலோ சாக்லேட்,
வரியில்லாதது.

பாலத்து லாரிகள் பொம்மையாக நகர்ந்த வரை
எல்லாம் சரி.
வலது இறக்கையைக் காற்றுக்குத் தாழ்த்தி
இடது காலை மிதித்து
நண்டு மாதிரி வந்ததை நேராக்கி இறக்கினேன்.
சக்கரம் தாரைத் தொட்டது, எழுந்தது.
என் நாற்காலியில்
மரத்துப்போகாத பல்லைத் தொட்டால் எழும்புவார்களே,
அப்படி.
ஒரு துள்ளல் குற்றமில்லை.

இரண்டாவதில்
வாய் சொன்னது: போ. மேலே போ.
முழு விசை கொடு, வட்டமடி, திரும்பி வா.
நூறு முறை செய்தது.
எரிபொருள் இருந்தது. வானம் இருந்தது.
கைதான் கேட்கவில்லை.
கை அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்றாவதில் மூக்குச் சக்கரம் முதலில் பட்டது.

பிறகு ஒரு சத்தம்.
தகரக் கடை முழுவதும் மாடிப்படியில் உருள்வதுபோல.
பிறகு புல். புல்லுக்குப் பிறகு
சாவியைத் திருகிய என் விரலின் சின்னக் ‘கிளிக்’.
சற்றுத் தள்ளி நின்ற கொக்குகள் பறக்கவில்லை.
அந்தக் காற்றில் பறப்பதா என்று
நாலடி ஒதுங்கி நின்றன.

பொம்பா வண்டி வந்தது.
தலைக்கவசம் போட்ட இளைஞன்
சிதறிய சாக்லேட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கி
என் மைத்துனன் கையில் எண்ணிக் கொடுத்தான்.
விசிறியின் இரண்டு அலகும் பின்னால் சுருண்டு
வாழைப்பூ மடலாக இருந்தன.
யுவனேஸ்வரனின் முழங்காலில் ஒரு கீறல்,
என் நாக்கில் பல் பட்ட ரத்தம்.
அவ்வளவுதான்.

அவன் என் தோளைத் தொட்டுச் சொன்னான்:
“காத்துக்கா. எல்லாம் காத்து. நீங்க என்ன பண்ணுவீங்க?”
முந்தைய கேள்வியைவிட
இது கனமாக இருந்தது.

பங்குதாரர் மிஸ்டர் கூ போனில்,
பின்னால் ஜாதிக்காய் உலர்த்தும் இயந்திரம் இரைய,
“ஆளுங்க ஓகேயா?” என்றார்.
ஓகே.
“ரெண்டு பேருமே?”
ஓகே.
கொஞ்ச நேரம் இயந்திரம் மட்டும் பேசியது.
“புரொப்பெல்லர்?”
நான் மூச்சு விட்டேன்.
“சரி,” என்றார், “சாப்பிட்டியா?”

கடைசிக் கட்டம்: காரணம். மூன்று வரி.
முதல் வரியில் காற்று என்று எழுதினேன்.
பொய்யில்லை.
இரண்டாவதில், துள்ளியபின் மேலெழும்பத் தவறினேன்.
அதுவும் பொய்யில்லை. கையெழுத்து மட்டும் சிறுத்துப்போனது.
மூன்றாவது வரியில் பேனா தாளைத் தொட்டது,
எழுந்தது.
தொட்டது, எழுந்தது.

ஜன்னலுக்கு வெளியே காற்று ஓய்ந்திருந்தது.
கம்பத்தில் காற்றுப்பை,
எதையுமே பார்க்காதது மாதிரி.